செல்லாக்காசு: ரூபாயின் கதையும் அண்ணலின் கேள்வியும்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய படிப்பு வட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



சட்டைப் பையில நோட்டு வச்சிருக்கிறவங்க ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தோ இருபதோ ஐநூறோ, எதுவானாலும் சரி. இல்லாதவங்க பக்கத்துத் தோழர்கிட்ட வாங்கிக்குங்க. பேச்சு முடிஞ்சதும் மறக்காம திருப்பிக் கொடுத்திடுங்க. ஒரு நாளைக்குப் பத்து முறை தொடுகிற காகிதம் இது. நம்மில் பலர் ஒரு முறைகூட இதை வாசித்ததில்லை. இன்றைக்கு வாசிக்கலாம்.

நம்ம ஊர்ல ஒரு மனுசனை மட்டம் தட்டணும்னா 'செல்லாக்காசு' என்பார்கள். 'காலணாவுக்குப் பெறாதவன்' என்பார்கள். இந்த வசவுக்குள் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. ஒரு காசு செல்லுமா செல்லாதா என்பதை அந்தக் காசு முடிவு செய்வதில்லை. மேலே உட்கார்ந்திருக்கிற ஒருவன் இன்றைக்குச் செல்லும் என்கிறான், நாளைக்குச் செல்லாது என்கிறான். ஒரு மனுசனைப் பார்த்துத் தீட்டு என்று சொல்கிற அதிகாரம் எங்கிருந்து வருகிறதோ அதற்கு ரொம்பத் தூரத்துச் சொந்தம் ஒன்றும் இல்லை இது. அந்த அதிகாரத்தின் கதைதான் ரூபாயின் கதை.

'ரூப்ய' என்றால் அடித்து உருவாக்கிய வெள்ளி. 16ஆம் நூற்றாண்டில், 1540க்கும் 1545க்கும் இடையில் டெல்லியை ஆண்ட ஷேர் ஷா சூரி 178 குன்றுமணி அளவில் - இது நம்ம நகைக்கடைக் குன்றுமணி இல்லை, வெள்ளைக்காரன் 'கிரெயின்' என்று சொல்கிற எடை - ஒரு வெள்ளி நாணயத்தை அடித்து ரூபியா என்று புழக்கத்தில் விட்டார். முகலாயர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள். தெற்கே நம்ம பக்கம் வேறு கணக்கு. சென்னைப் பட்டணத்தில் கம்பெனிக்காரன் வராகன், பணம், காசு என்று கணக்கு எழுதினான். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818இல்தான் சென்னை மாகாணம் ரூபாய்க் கணக்குக்கு வந்தது. பிறகு 1835இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி முழுமைக்கும் ஒரே ரூபாய் என்று சட்டம் போட்டது. 180 கிரெயின் எடை, அதில் 165 கிரெயின் சுத்த வெள்ளி. ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜா நாலாம் வில்லியம் தலை. அதுவரைக்கும் பல இடங்களில் முகலாயப் பேரரசர் பெயரைப் போட்டுத்தான் கம்பெனி காசு அடித்துக்கொண்டிருந்தது. பேரரசர் பெயரை எடுத்துவிட்டுத் தன் ராஜா தலையைப் போட்ட அன்றைக்கு, நாட்டை யார் ஆள்கிறார்கள் என்பது எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரிந்துவிட்டது. காசு அப்படிப்பட்ட பத்திரிகை. எல்லாக் குடிசைக்கும் போய்ச் சேரும்.

எல்லாக் குடிசைக்கும் போய்ச் சேரும் என்று சொன்னேன். உண்மையா? நம் பாட்டன் பூட்டன் கைக்கு வராகனும் வரவில்லை, ரூபாயும் வரவில்லை. களத்துமேட்டில் அளந்து போட்ட நெல்தான் வந்தது. பண்ணையாளுக்கு மரக்கால் கணக்கு, படிக் கணக்கு. நெல்லாகக் கொடுப்பது ஏதோ பழங்காலத்து அன்பு என்று சில அறிஞர்கள் இன்றும் எழுதுகிறார்கள். நெல்லை எடுத்துக்கொண்டு ரயிலேற முடியாது தோழர்களே. நெல்லைக் கொடுத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கட்ட முடியாது. பணம் கையிலிருந்தால் அடுத்த ஊர் இருக்கிறது, பர்மா இருக்கிறது, கோலார் சுரங்கம் இருக்கிறது. நெல் கையிலிருந்தால் அதே பண்ணை, அதே களம். அதனால்தான் பணத்தை அவனே வைத்துக்கொண்டு நெல்லை நம்மிடம் கொடுத்தான். அந்த நெல்லிலும் அரைப்படி கூடக் கேட்ட தஞ்சை மாவட்டத்து விவசாயக் கூலிகளின் போராட்டம் எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரே குடிசைக்குள் 44 பேர்.

மகாராட்டிரத்தில் மகார்களின் நிலையும் இதுதான். ஊருக்கெல்லாம் வெட்டியான் வேலை, தூதுவேலை, செத்த மாட்டை இழுக்கிற வேலை. அதற்கு ஈடாகக் கொஞ்சம் வத்தன் நிலமும், வீடு வீடாகப் போய் வாங்குகிற 'பலுத்தா' தானியமும். அந்தச் சமூகத்தில் பிறந்த ஒருவர், உலகத்தில் வேறு எத்தனையோ பொருள் இருக்க, ரூபாயை எடுத்து ஆராய்ந்தார் என்பதைத் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் வத்தன் சட்டத்தைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். தானியமாகக் கிடைக்கிற பலுத்தாவைப் பணமாக மாற்றவேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. மகார் கையில் தானியம் இருப்பதற்கும் காசு இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது.

அண்ணல் எழுதிய நூலின் பெயர் 'ரூபாயின் சிக்கல்: தோற்றமும் தீர்வும்'. 1923இல் லண்டனில் வந்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியில் டி.எஸ்சி. பட்டத்துக்காக எழுதிய ஆய்வு. அவருடைய பேராசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். உங்கள் வாதங்களில் பெரும்பாலானவற்றை நான் ஏற்கவில்லை என்று அந்த முன்னுரையிலேயே சொல்லிவிட்டுப் பாராட்டினார். நல்ல பழக்கம். நம்ம பக்கத்து முன்னுரைகளைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தப் படிப்புக்கு அவர் போனது எப்படி என்றும் நினைத்துப் பாருங்கள். பரோடா அரசின் உதவித்தொகை முடிந்து 1917இல் பாதியில் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து மிச்சம் பிடித்த பணம், கோல்காப்பூர் சாகு மகாராஜா கொடுத்தது, நண்பரிடம் கைமாற்று வாங்கியது, இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு 1920இல் மறுபடி கப்பலேறினார். பணத்தைப் பற்றிய புத்தகம் இப்படித்தான் எழுதப்பட்டது.

நூலில் என்ன இருக்கிறது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது பொருளாதார மாணவர்களுக்கு மட்டும் உரிய சமாசாரம் இல்லை.

1835க்குப் பிறகு ரூபாய் என்றால் வெள்ளி. யார் வெள்ளி கொண்டுபோய் அரசாங்க அச்சாலையில் கொடுத்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் தங்கம். 1870களில் ஜெர்மனி முதலான நாடுகள் வெள்ளியைக் கைவிட்டுத் தங்கத்துக்கு மாறின. வெள்ளி விலை சரிந்தது. ஏறக்குறைய 2 ஷில்லிங் பெற்றுக்கொண்டிருந்த ரூபாய், 1890களின் தொடக்கத்தில் 1 ஷில்லிங் 2 பென்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. அரசாங்கத்துக்கு இது பெரிய தலைவலி. வரி வாங்குவது ரூபாயில். லண்டனுக்குக் கட்டவேண்டிய கப்பம், அதாவது வெள்ளை அதிகாரிகளின் ஓய்வூதியம், ரயில்வேக் கடனுக்கு வட்டி, எல்லாம் தங்கத்தில். 1893இல் அச்சாலைகளைப் பொதுமக்களுக்கு மூடினார்கள். இனிமேல் அரசாங்கம் மட்டும்தான் ரூபாய் அடிக்கும். வெள்ளி என்ன விலை விற்றாலும் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று பிடித்து நிறுத்தினார்கள். உள்ளே இருக்கிற வெள்ளியைவிட அதிக மதிப்புக்கு ஓடுகிற காசு. காகித நோட்டை வெள்ளியில் அடித்த மாதிரி. இதற்குத் தங்கப் பரிவர்த்தனை முறை என்று பெயர். கெயின்ஸ் 1913இல் ஒரு புத்தகம் எழுதி இதை மெச்சினார்: தங்கக்காசு புழங்குவது வீண் செலவு, இந்தியாவின் முறைதான் புத்திசாலித்தனம் என்பது அவர் கட்சி.

அம்பேத்கர் கெயின்சை மறுத்தார். முப்பது வயசு சொச்சம், தீண்டப்படாதவர் என்று ஊரில் வீடு கிடைக்காதவர், அன்றைக்கு உலகம் மதித்த பொருளியலாளரை எதிர்த்து எழுதுகிறார். ஆளைப் பார்த்து அல்ல, வாதத்தைப் பார்த்து.

அவர் வைத்த வாதத்தை நம்ம மொழியில் சொல்கிறேன். ரூபாய்க்கு எத்தனை பென்ஸ் என்பதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்பதை யார் பார்ப்பது? லண்டனோடு வியாபாரம் செய்கிறவனுக்குத்தான் பென்ஸ் கணக்கு. கூலிக்காரனுக்கு அரிசி, துணி, விறகு. பரிவர்த்தனை மதிப்பு ஆடாமல் நின்றாலும், உள்நாட்டில் விலைவாசி ஏறிக்கொண்டே போனால் ரூபாய் நிலையாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள். அடுத்தது, ரூபாயை நினைத்தபோது அடித்துத் தள்ளுகிற அதிகாரம் அரசாங்கத்தின் கையில் இருக்கக் கூடாது. பொதுமக்களுக்கு மூடிய அச்சாலையை அரசாங்கத்துக்கும் சேர்த்து மூடு. ரூபாயின் அளவைக் கட்டு. தங்கக்காசு புழங்கட்டும்.

இன்னொரு இடம் இருக்கிறது. எனக்கு நூலில் பிடித்த இடமே அதுதான். ரூபாய் மதிப்பு இறங்கினால் நாட்டுக்கு நல்லது, ஏற்றுமதி பெருகும் என்று அன்றைக்கும் ஒரு கூட்டம் சொன்னது. அம்பேத்கர் கேட்டார்: லாபம் எங்கிருந்து வந்தது? விலைவாசி வேகமாக ஏறியது, கூலி மெதுவாக ஏறியது. இரண்டுக்கும் இடையில் இருக்கிற அந்த இடைவெளிதான் முதலாளியின் லாபம். வெளிநாட்டான் கொடுத்த பணம் இல்லை அது. உள்ளூர்க் கூலிக்காரன் வயிற்றிலிருந்து எடுத்த பணம். 'நாட்டுக்கு நல்லது' என்று எவனாவது சொன்னால், நாட்டில் யாருக்கு என்று திருப்பிக் கேட்கிற பழக்கத்தை நாம் இந்த மனிதரிடம்தான் படிக்கவேண்டும். 1966 ஜூனில் ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசாக ஆக்கப்பட்டபோதும், 1991 ஜூலையில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு முறை ரூபாய் மதிப்பைக் குறைத்தபோதும், ரிசர்வ் வங்கியின் தங்கம் 47 டன் அளவுக்கு வெளிநாட்டுக்கு அடகு போனபோதும் பத்திரிகைகள் பென்ஸ் கணக்கைத்தான் எழுதின. டாலர் என்று பெயர் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

1925 டிசம்பரில் ஹில்டன் யங் தலைமையிலான அரச ஆணையம் முன்பு அவர் சாட்சியம் சொன்னார். இந்த இடத்தில் நம் தோழர்களோடு கொஞ்சம் சண்டை போடவேண்டியிருக்கிறது. சுவரொட்டிகளில், மேடைகளில், இப்போது கைப்பேசிச் செய்திகளில் எல்லாம், 'ரிசர்வ் வங்கியை உருவாக்கியவர் அம்பேத்கர்' என்று போடுகிறோம். ஆணையத்தின் உறுப்பினர்கள் கையில் அவருடைய நூல் இருந்தது என்பதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். நடந்தது என்ன? அவர் அறிக்கை கொடுத்தார், கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ஆணையம் 1926இல் ஒரு மைய வங்கி வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்காக முதலில் வந்த மசோதா நிறைவேறாமல் போய், 1934இல் சட்டமாகி, 1935 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி இயங்கத் தொடங்கியது. ஆனால் அம்பேத்கர் கேட்ட தங்கக்காசுப் புழக்கத்தை ஆணையம் ஏற்கவில்லை. தங்கக் கட்டி முறை என்று வேறொன்றைச் சொன்னது. ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று நிறுத்தச் சொன்னது. பணத்தை நிர்வகிக்கிறேன் என்று கிளம்புகிற எந்த அதிகாரத்தையும் சந்தேகத்தோடு பார்த்தவர் அண்ணல். அவரை அந்த நிர்வாகத்தின் நிறுவனர் ஆக்கி மாலை போடுவது, அவர் சொன்னதை வாசிக்காமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த மரியாதையான வழி. உண்மையான பெருமை குறைவா என்ன? அவருக்கு எதற்கு இரவல் பெருமை?

இதைவிட ஆபத்தானது ஒன்று. 2016க்குப் பிறகு ஒரு செய்தி பரவியது: பத்து வருசத்துக்கு ஒரு முறை நோட்டை மாற்றவேண்டும் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார் என்று. நூலில் அப்படி ஒரு வரி கிடையாது. அரசாங்கம் நினைத்தபடி காசை விடக் கூடாது என்று ஒரு புத்தகம் முழுக்க வாதாடியவர் வாயில், நினைத்தபடி காசை ஒழிக்கலாம் என்ற பேச்சைத் திணிக்கிறார்கள். நம்ம ஆட்களே அதைப் பகிர்ந்தார்கள் என்பதுதான் வருத்தம்.

தங்கம்தான் தீர்வு என்ற அவர் முடிவை உலகம் ஏற்கவில்லை. 1931இல் இங்கிலாந்தே தங்கத்தை விட்டுவிட்டது. அதை மறைக்கவேண்டியதில்லை. நமக்கு வேதப் புத்தகம் வேண்டாம் என்றுதானே இயக்கத்துக்கு வந்தோம்.

சரி, இப்போது கையிலிருக்கிற நோட்டைத் திருப்பிப் பாருங்கள்.

காகித நோட்டு அடிக்கிற உரிமையை 1861 சட்டத்தின் மூலம் அரசாங்கம் தனக்கே எடுத்துக்கொண்டது. அதற்கு முன் தனியார் வங்கிகளும் மாகாண வங்கிகளும் அடித்தன. முதல் நோட்டில் விக்டோரியா மகாராணி. 1938இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட முதல் நோட்டில், அது ஐந்து ரூபாய், ஆறாம் ஜார்ஜ். 1947 ஆகஸ்ட் வந்தது, கொடி மாறியது, நோட்டில் ராஜா மாறவில்லை. இரண்டு வருசம் கழித்து 1949இல்தான் ஒரு ரூபாய் நோட்டில் ராஜாவை எடுத்தார்கள். யாரைப் போடுவது? காந்தி படத்தைப் போடலாம் என்று முதலில் நினைத்து, மாதிரிகள்கூடத் தயார் செய்தார்கள். கடைசியில் சாரநாத்தின் சிங்கத் தூண் என்று முடிவானது.

இந்த முடிவு நமக்கு முக்கியம். சாரநாத் புத்தர் முதன்முதலில் அறம் உரைத்த இடம். அங்கே அசோகர் நட்ட தூணின் தலைதான் அந்தச் சிங்கங்கள். கொடியில் அசோகச் சக்கரம், நோட்டில் அசோகச் சிங்கம். 1956 அக்டோபர் 14இல் அண்ணல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது, அவர் போய்ச் சேர்ந்த மரபின் சின்னம் ஏற்கனவே ஒவ்வொரு இந்தியன் மடியிலும் முடிந்து வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. அசல் தூணில் சிங்கங்களுக்கு மேலே ஒரு பெரிய தர்மச் சக்கரம் இருந்தது. அரசுச் சின்னத்தில் அது இல்லை. சிங்கங்களுக்குக் கீழே 'சத்யமேவ ஜயதே' என்று முண்டக உபநிடதத்து வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது. பௌத்தச் சிங்கம், கீழே உபநிடதம். இந்தியாவில் பௌத்தத்துக்கு என்ன நேர்ந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுத முடியாது.

1954இல் பெரிய நோட்டுகள் வந்தன. பத்தாயிரத்தில் சிங்கம், ஐயாயிரத்தில் பம்பாய் இந்தியா வாசல், ஆயிரத்தில் நம்ம தஞ்சைப் பெரிய கோயில். தமிழர்கள் பெருமைப்படலாம் என்பார்கள். இந்த மாகாணத்துக் கோயில்களுக்குள் நம் மக்கள் போவதற்கு 1939இலும் 1947இலும் சட்டம் போடவேண்டியிருந்தது. உள்ளே போகவே சட்டம் தேவைப்பட்டவனின் பேரன், அந்தக் கோபுரம் அச்சிட்ட ஆயிரம் ரூபாயை 1954இல் கண்ணால் பார்த்திருப்பானா? கோயிலிலும் வாசலுக்கு வெளியே, நோட்டிலும் வெளியே. 1978 ஜனவரியில் அந்த ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் மூன்றையும் செல்லாது என்று அறிவித்தார்கள். சேரியில் ஒரு சலசலப்பும் இருந்திருக்காது. இல்லாததை எப்படி ஒழிப்பது?

நடுவில் கொஞ்ச காலம் நோட்டுகளில் உழைப்பும் அறிவியலும் வந்தன. டிராக்டர், எண்ணெய்க் கிணறு, ஹிராகுட் அணை, ஆரியபட்டா செயற்கைக்கோள். அந்தப் படங்களை நான் குறை சொல்லமாட்டேன். ராஜாக்களைவிட டிராக்டர் மேல். ஆனால் டிராக்டர் மீது உட்கார்ந்திருந்தவன் யாருடைய நிலத்தை உழுதான் என்று நோட்டு சொல்லாது. 1957 ஏப்ரல் 1இல் அணாக் கணக்கு போய், 16 அணா என்பது 100 நயா பைசா ஆனதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறேன். நம்ம பாட்டிகள் நாலணா எட்டணாவைக் கடைசிவரை விடவில்லை. 2011 ஜூன் கடைசியில் 25 காசைத் திரும்பப் பெற்றபோதுதான் நாலணா உண்மையாகவே செத்தது.

காந்தி 1969இல் நூற்றாண்டுக்காக ஒரு முறை வந்தார், 1987இல் ஐநூறில் வந்தார், 1996 முதல் எல்லா நோட்டிலும் நிரந்தரமாக வந்துவிட்டார். சந்தையைத் திறந்துவிட்டு ஐந்து வருசம் ஆன நேரம். இராட்டையும் கிராமமும் போதும் என்றவரின் சிரிப்பை உலகச் சந்தைக்குத் திறந்த நாட்டின் ஒவ்வொரு நோட்டிலும் ஒட்டினார்கள். 1932இல் பூனாவில் நம்மிடமிருந்து எதைப் பறித்தார் என்ற கணக்கு நமக்கு இருக்கிறது. அது தனிக் கூட்டத்துக்கு உரிய பேச்சு. இங்கே சொல்ல வேண்டியது, ஒரே முகம் எல்லா நோட்டிலும் இருந்தால் அந்த முகம் கேள்விக்கு அப்பால் போய்விடுகிறது என்பது. 1949இல் சிங்கத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இருந்த தயக்கம் 1996இல் இருந்தவர்களுக்கு இல்லை.

இப்போது பின்பக்கத்தில் இருக்கிற மொழிப் பட்டியலைப் பாருங்கள். 15 மொழிகள். நோட்டின் மற்ற இடங்களில் இந்தியும் ஆங்கிலமும். ஆங்கில அகரவரிசையில் அசாமியில் தொடங்கி உருதுவில் முடியும். தமிழ் பதின்மூன்றாவது. தமிழுக்கு எழுத்து சின்னதாக இருக்கிறது என்று நம்ம ஊரில் கோபப்படுவார்கள், கோபம் நியாயம்தான். 2010 ஜூலையில் ரூபாய்க்குக் குறியீடு வந்தபோது, வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் என்று பெருமைப்பட்டோம்; எழுத்து தேவநாகரி 'ர'. 2025 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தன் வரவுசெலவு இலச்சினையில் அதை எடுத்துவிட்டு 'ரூ' போட்டது. எல்லாம் சரி. ஆனால் அந்தப் பட்டியலில் யார் இல்லை என்று யாராவது எண்ணினோமா? சந்தாலி இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி சந்தாலி தாய்மொழி என்று சொன்னவர்கள் 73 லட்சத்துக்கும் மேல். அதே கணக்கெடுப்பில் சமஸ்கிருதம் என்று சொன்னவர்கள் 24,821 பேர். சமஸ்கிருதம் நோட்டில் இருக்கிறது. சந்தாலி, போடோ இரண்டும் 2003இல் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறிவிட்டன, நோட்டில் ஏறவில்லை. ஆதிவாசி நிலத்துக் கனிமம் நாட்டுக்கு வேண்டும், ஆதிவாசியின் எழுத்துக்கு ஒரு அங்குலத்தில் ஒரு வரி இடம் கிடையாது. தமிழுக்காகக் குரல் கொடுக்கிற தோழர்கள் சந்தாலிக்காகவும் கொடுத்தால் அந்தக் குரலுக்கு இன்னும் மரியாதை கூடும்.

2016 நவம்பர் 8 இரவை நான் விளக்கவேண்டியதில்லை. நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்றவர்கள். புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாக்காசு ஆனது. ஆனால் நோட்டின் வடிவமைப்பு என்று பேச வந்ததால் ஒன்று சொல்கிறேன். புது இரண்டாயிரமும் புது ஐநூறும் பழைய நோட்டைவிட அளவில் வேறு. அதனால் நாடு முழுக்க இருக்கிற பணம் எடுக்கும் இயந்திரங்களின் பெட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றி அமைக்க வேண்டியிருந்தது. ஒரு மேசையில் உட்கார்ந்து யாரோ நீள அகலத்தைக் குறித்தார்கள். சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு பெண் அதற்காக நாலு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நின்றாள். மில்லிமீட்டருக்கு இவ்வளவு விலை. கூலியைப் பழைய நோட்டில் கொடுத்து, 'வேணும்னா வாங்கிக்க' என்று சொன்ன மேஸ்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். கறுப்புப் பணம் என்றார்கள். செல்லாது என்று சொன்ன நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கியே 2018இல் கணக்குக் கொடுத்தது. மங்கள்யான் படம் போட்டு வந்த அந்த இரண்டாயிரத்தையும் 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ரூபாயை ஆள்கிறவனுக்குக் கட்டு வேண்டும் என்று 1923இல் எழுதியவரின் கவலை இப்போது புரிகிறதா?

கடைசியாக, மாணவத் தோழர்கள் எழுதிக் கொடுத்த கேள்வி: நோட்டில் அம்பேத்கர் படம் வேண்டும் என்று நாம் போராடவேண்டுமா?

காசில் அவர் இருக்கிறார். 1990இல் நூற்றாண்டுக்காக ஒரு ரூபாய்க் காசு வந்தது. 2015 டிசம்பர் 6இல் 125ஆம் ஆண்டுக்காகப் பத்து ரூபாய்க் காசும் 125 ரூபாய்க் காசும் வெளியிட்டார்கள். 125 ரூபாய்க் காசை யாராவது கடையில் கொடுத்துப் பாத்திருக்கீங்களா? அது பெட்டியில் வைத்துப் பார்க்கிற காசு. அந்த 1990 காசு அப்படியில்லை. அது டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் போனது. நம் கையைத் தொடக் கூடாது என்று மேலேயிருந்து சில்லறையைப் போட்ட கடைக்காரன், அவர் முகத்தைக் கையில் எடுத்துத்தான் போட்டான். அந்தச் சின்ன நியாயம் எனக்குப் பிடிக்கும்.

2022 அக்டோபரில் அன்றைய டெல்லி முதல்வர் நோட்டில் லட்சுமியும் பிள்ளையாரும் வேண்டும் என்றார், பொருளாதாரம் செழிக்குமாம். உடனே பதிலுக்கு அம்பேத்கர் படம் வேண்டும் என்று சிலர் கிளம்பினார்கள். சாமிப் படத்துக்குப் போட்டியாக அவரை நிறுத்துகிற கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. அது அவரையும் சாமி ஆக்குகிற வேலை. ரூபாயைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதிய மனிதர் அவர் என்ற காரணத்துக்காகக் கேட்டால், அந்தக் கோரிக்கையில் நானும் கையெழுத்துப் போடுவேன். நோட்டின் வடிவத்தை முடிவு செய்வது மத்திய அரசு, ரிசர்வ் வங்கியின் மையக் குழு பரிந்துரைக்கவேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மனு கொடுக்கப் போகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு போங்கள். அந்த மனுவில் படத்தோடு சந்தாலி எழுத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

நூல் மகாராட்டிர அரசு 1989இல் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பின் ஆறாவது தொகுதியில் இருக்கிறது. முதல் இரண்டு அத்தியாயம் கடினமாக இருக்கும், பழைய நாணயக் கணக்கு நிறைய வரும். வெள்ளி முறையின் தீமைகளைச் சொல்கிற மூன்றாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம். கூலியையும் விலைவாசியையும் பற்றி நான் சொன்னது அங்கேதான் வருகிறது. அடுத்த கூட்டத்துக்குள் அந்த ஒரு அத்தியாயத்தையாவது யாராவது இரண்டு பேர் வாசித்துவிட்டு வாருங்கள், சேர்ந்து பேசலாம். கடன் வாங்கிய நோட்டைத் திருப்பிக் கொடுத்திடுங்க.